காசியில் விட்ட பழம்

12 ஜன., திங்கள்

காலையில் நல்ல மூடுபனி. ஈஜிபுரா மெயின் ரோட்டில் எதிரே வருகிற வண்டி யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் நெற்றியிலும் இருக்க வேண்டும்.

வைட்ஃபீல்ட் டிரிப்புக்கு லீவ். ஆபீஸ் வேனை வேறு டிரைவர் எடுத்துப் போனான். பத்து மணிக்குள் மூன்று பேர் எனக்குப் போன், “அங்கிள், நீங்க வரலையா, இன்னிக்கு லேட்.” நான் இல்லாத நாள் வைட்ஃபீல்டே லேட்.

பவித்ராவை அலர்ஜி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். கூட வந்தவர் யார் என்று கேட்டுச் சீட்டில் ‘தாய்மாமன்’ என்று எழுதிக்கொண்டார். தகப்பன் இல்லாத பெண், என் தங்கச்சி சரோஜாவின் ஒரே பெண், எல்லாமே நான்தான் என்று சேர்த்து எழுதச் சொன்னேன். இடம் இல்லை என்றார்.

பவியின் கோளாறு: வருடா வருடம் பனி முடியும் சமயம் தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு. இப்போது புதுசாக, ஆப்பிள் கடித்தால் உதடு தடிக்கிறது. பேரிக்காய், பிளம்ஸ், வாழைப்பழம், எல்லாம் அப்படியே. வாய்க்குள் எறும்பு ஊர்கிற மாதிரி என்கிறாள்.

கையில் வரிசையாகச் சொட்டு வைத்து ஊசியால் லேசாகக் குத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் சில இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி வீங்கியது. எல்லாம் மரத்துத் தூள். மகரந்தம்.

“ரோட்டோரம் பிங்க் கலர்ல பூக்குதே, அந்த மரம்தானே மேடம்?” என்று முந்திக்கொண்டு கேட்டேன்.

“இல்ல சார். அழகா பூக்கறது பூச்சியைக் கூப்பிட. இவங்களுக்கு ஆகாதது காத்துல பறக்கற தூள். அந்தப் பூ கண்ணுக்கே தெரியாது. சவுக்கு மாதிரி.”

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

பழம் ஏன் ஆகவில்லை என்பதற்கு: அந்தத் தூளில் இருக்கிற சத்தும் பழத்தில் இருக்கிற சத்தும் கிட்டத்தட்ட ஒன்று போல. உடம்பு குழம்பிப் போகிறதாம். நான் எட்டாவதுதான், ஆனால் அந்தக் காலத்து எட்டாவது. டாக்டரம்மாவுக்கே விளக்கிச் சொன்னேன். மரத்துத் தூள் திருடன். பழம் அவனுடைய பங்காளி. முகஜாடை ஒன்று. உடம்பு என்கிற போலீஸ் திருடனைத் தேடிப் போய்ப் பங்காளியைப் போட்டு அடிக்கிறது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். இனி வருகிற பேஷண்டுக்கெல்லாம் இதையேதான் சொல்வார்.

வேகவைத்தால் ஜாடை மாறிவிடும், ஒன்றும் செய்யாது. பச்சையாக மட்டும் கூடாது.

கடைசியில் சிரிக்காமல் சொன்னது: “வாய் அரிப்போட நின்னா பயம் இல்ல. தொண்டை அடைச்சா, மூச்சு இழுத்தா, மாத்திரை போட்டுக்கிட்டு வீட்ல உக்காராதீங்க. ஓடி வாங்க. கூட இருக்கறவங்க எல்லாருக்கும் சொல்லி வைங்க.”

சொல்லி வைப்பதா. சரோஜா சொல்லி வைத்துத்தான் போன வருடம் ஆம்பூர் சம்பந்தம் கைவிட்டுப் போச்சு. “பொண்ணுக்கு ஏதோ வியாதியாமே” என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள். மூக்கு ஒழுகுவது வியாதியா. அன்றைக்குப் பவி அழவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஆபீஸ் போனாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

14 ஜன., புதன்

போகி. தெருவில் எவனோ டயரைக் கொளுத்திவிட்டான். கலீஜ் பசங்க. பவிக்குக் கண் கோவைப்பழம்.

ஞாயிறு நீலசந்திராவில் இருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பையன் முரளி, வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. என் வேனில் வந்தவன் அல்ல. ஆனால் என் வேனைப் பார்த்திருப்பான். தங்கமான பையன் என்கிறார் தரகர். உரசிப் பார்க்க நான் இருக்கிறேன்.

டயர் காற்று. கரும்பு. மஞ்சள் கொத்து.

18 ஜன., ஞாயிறு

இதமான வெயில். சரோஜா வீட்டில் கேசரி, பஜ்ஜி. என் வீட்டுக்காரி வள்ளி போட்ட காபி சுமார். நான் போட்டிருந்தால் வீட்டுக்குப் போயும் பேசியிருப்பார்கள்.

வந்தவர்கள்: முரளி, அவன் அம்மா, இரண்டு அத்தைகள். அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா பேர் ராஜலட்சுமி. இந்தச் சம்பந்தம் முடியும் என்று வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டதால் சம்பந்தியம்மா என்றே கூப்பிட்டேன். இங்கே ச.அ. என்று எழுதுகிறேன், பேர் நீளம்.

அவர்கள் கொண்டுவந்த தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை. ச.அ. ஒரு ஆப்பிளை எடுத்துத் தன் கையாலேயே நறுக்கினார். ஒரு துண்டைப் பவியிடம் நீட்டினார். “புடிம்மா. வெறும் வாயோட உன்னை விட்டுட்டுப் போகக் கூடாது.”

பவி கை நீட்டவில்லை. ஒரு அத்தை இன்னொரு அத்தையைப் பார்த்தாள். எனக்கு ஆம்பூர்க்காரர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிப் போனது கண்ணில் வந்தது.

“அவ காசியில பழத்தை விட்டுட்டா, சம்பந்தியம்மா.”

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. காசிக்குப் போனவர்கள் ஒரு காய், ஒரு பழத்தைக் கங்கையில் விட்டுவிட்டு வருவது உள்ள வழக்கம்தானே. அதற்கு மேல் யாரும் ஏன் என்று கேட்க முடியாது.

“எந்தப் பழம்ணே?”

“எல்லாப் பழமும்.”

ச.அ. கையில் ஆப்பிள் துண்டு அப்படியே நின்றது. “இந்த வயசுலயா. எல்லாத்தையுமா.”

“தகப்பன் தவறின வருஷம், அவர் நல்லபடியா கரையேறணும்னு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். கழுத்தளவு தண்ணி. நடுங்கற குளிர். ஒண்ணை விடும்மான்னார் அங்க இருந்த சாஸ்திரி. இவ எல்லாத்தையும் விட்டுட்டேன்னா. சாஸ்திரியே ஆடிப்போயிட்டார்.”

ச.அ. கண் நிறைந்துவிட்டது. ஆப்பிள் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுப் பவியின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முரளி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து பவியைப் பார்த்தான்.

அவர்கள் போன பிறகு பவி: “மாமா, நான் ஜோலார்பேட்டை தாண்டினதே இல்ல.”

வள்ளி: “இவரு தாண்டியிருக்காரா.”

சாயங்காலமே தரகர் போன். பிடித்துவிட்டது. தைப்பூசத்தன்று பூ வைக்க வருகிறார்கள். சரோஜா அழுதுகொண்டே சிரித்தாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா.

22 ஜன., வியாழன்

மாரத்தஹள்ளியில் வண்டி நகரவில்லை. நிற்கும்போது ச.அ. போன். “அண்ணே, அந்த சாஸ்திரி அப்புறம் இன்னா சொன்னார்?” வண்டி நகர்கிற வரை சொன்னேன்.

இதுவரை சொன்னது, மறக்காமல் இருக்க: படகு. குளிர். சாஸ்திரிக்கு வெள்ளைத் தாடி. பவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. திரும்பும் ரயிலில் ஒரு வடநாட்டு அம்மா மாம்பழம் நீட்ட, இவள் கும்பிட்டு வேண்டாம் என்றது.

மாம்பழம் இன்றைக்குச் சேர்த்தது. நன்றாக இருந்தது.

ச.அ. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா என்கிறவர் அதைக் கேட்டுத் தானும் ஆரஞ்சை விட்டுவிட்டாராம். கல்யாணமாகி வெகு நாளாகியும் குழந்தை இல்லாத மகளுக்காக. நம் பெண்ணைப் பார்த்து ஊரில் விரதம் எடுக்கிறார்கள். லேசான காரியமா.

25 ஜன., ஞாயிறு

பவியை மருந்துக்கடைக்கு வண்டியில் கூட்டிப் போனேன். ஹெல்மெட்டுக்குள் தும்மிக்கொண்டே வந்தாள். இறங்கியதும்:

“மாமா, முரளிகிட்ட மட்டுமாவது சொல்லிடறேன்.”

“தாலி ஏறட்டும்.”

“தினம் பேசறார். காசியைப் பத்திக் கேட்டா நெட்வொர்க் இல்லன்னு கட் பண்றேன். எத்தனை நாளைக்கு?”

“ஆம்பூர் மறந்துட்டுதா?”

ஹெல்மெட்டைக் கழற்றினாள். “யாராவது தெரியாம ஊட்டிட்டா?” என்றாள்.

“விரதம்னு சொன்ன பொண்ணு வாய்கிட்ட எவ பழத்தைக் கொண்டாருவா? வியாதின்னு சொல்லிப் பாரு, ஒரு துண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆவாதுன்னு வந்து ஊட்டுவாளுங்க. இதைவிட காவல் ஏது?”

“டாக்டர் எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க.”

“டாக்டருக்கு நம்ம ஜனங்களைத் தெரியாது.”

என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். தாலி ஏறும் வரை முரளியிடமும் சொல்வதில்லை என்று. தயங்கித் தயங்கி வைத்தாள். கை சூடாக இருந்தது. காய்ச்சலோ என்னவோ.

முரளியை அவளுக்குப் பிடித்திருக்கிறது. சொல்லவில்லை. ஆனால் போன் வந்தால் எழுந்து மாடிக்குப் போகிறாள். ஆம்பூர்க்காரன் பேசியபோது ஹாலிலேயே பேசினாள்.

30 ஜன., வெள்ளி

டீசல். சாமியானா சொல்லியாயிற்று. சேர் முப்பது. பூமாலை ரசல் மார்க்கெட்டில், எனக்குத் தெரிந்த கடை, எனக்கு மட்டும் தனி விலை.

பகலில் சூடு, ராத்திரி குளிர். பவி மாத்திரையில் ஓடுகிறாள். “பூ வெக்கும்போது தும்மிடாதடி” என்று வள்ளி. “அபசகுனம்னு அதுக்கு ஒரு கதை இவர் சொல்லவேண்டி வரும்.”

2 பிப்., திங்கள்

நேற்று எழுதவில்லை. இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பவி உள்ளே தூங்குகிறாள். மூச்சு சீராக வருகிறது. முதலில் அதை எழுதிவிட்டேன்.

நேற்று தைப்பூசம். எங்கள் மொட்டை மாடியில் கூட்டம். ச.அ. காலையிலேயே நீலசந்திராவில் முருகனுக்கு அபிஷேகம் முடித்து, தானே பிசைந்த பஞ்சாமிர்தத்தை வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தார். அவர் தம்பி ஜவ்வாது மலையில் இருந்து கொண்டுவந்த தேன் போட்டதாம். பவிக்குப் பூ வைத்தார். குங்குமம் வைத்தார். பிறகு கிண்ணத்தைத் திறந்தார்.

“பூசாரியைக் கேட்டுட்டேண்ணே. சாமி மேல பட்டதுக்கு அப்புறம் அது பழம் இல்ல, பிரசாதம். விரதத்துக்குக் குத்தம் வராதுன்னார். என் மருமவ வாய்க்கு ஒரு இனிப்பு குடுக்காம நான் எப்படிப் போவேன்.”

பவி என்னைப் பார்த்தாள்.

நான் கணக்குப் போட்டேன். வாழைப்பழம்தான். ஆனால் வெல்லம், நெய், தேன், பேரீச்சை எல்லாம் போட்டுப் பிசைந்தாயிற்று. பழம் பழமாகவே இல்லை. வெந்த மாதிரிதான். ஜாடை மாறியிருக்கும். சரி என்று தலையை ஆட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“ஒரு வாய் ஆகாது” என்று ச.அ. மூன்று வாய் ஊட்டினார்.

முதலில் காதைச் சொறிந்தாள். உதடு தடித்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. எழுந்து நின்றாள். என்னவோ சொன்னாள், குரல் வேறு யாருடையதோ மாதிரி. கண்ணில் தண்ணீர். உடம்பு நடுக்கம். மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

“சாமி வந்துடுச்சு” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பூச நாள். முருகன் பிரசாதம். காசியில் அத்தனையும் விட்ட பெண். ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு அத்தை கற்பூரம் ஏற்றினாள். இன்னொருத்தி நெற்றி நிறைய விபூதி அப்பினாள், தூள் மூக்கில் போகிறது. “இன்னா வேணும் சொல்லு தாயி” என்று ஒருத்தி. கன்னியம்மா காலில் விழுந்து, “என் பொண்ணு வயித்துல ஒரு குழந்தை” என்று கேட்டார். ச.அ. கை கூப்பிக் கண்ணை மூடி நின்றார். சரோஜா என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். பவி தொண்டையைப் பிடித்துக்கொண்டு அத்தனை தலைகளுக்கு நடுவில் என்னைத் தேடினாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். கற்பூரம் பாதி எரிகிற வரை நினைத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

வள்ளிதான் கற்பூரத் தட்டைத் தள்ளிவிட்டாள். “சாமியும் இல்ல பூதமும் இல்ல. அவளால மூச்சு விட முடியல. வண்டியை எடுங்க.”

வேனில் பவி, சரோஜா, ச.அ., முரளி. சிக்னலில் போலீஸ்காரன் என்னைப் பார்த்ததும் வழி விட்டான் என்று எழுத வந்தேன். விடவில்லை. சிவப்பில் நின்றேன். ஹார்ன் அடித்தேன். எல்லாரும்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். முரளி இறங்கி ஓடி, எதிரே வந்த வண்டிகளைக் கையை விரித்து நிறுத்தினான். அந்த இடைவெளியில் புகுந்து போனேன்.

எமர்ஜென்சியில் சின்ன வயசு டாக்டர். “என்ன சாப்பிட்டாங்க? முன்னாடியே எதாவது அலர்ஜி இருக்கா?”

ச.அ. முந்திக்கொண்டார். “பிரசாதம்தான் சாமி. அவ பழமே தொடமாட்டா. காசியில விட்டவ.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி நின்றேன் போல.

“காசி இல்ல டாக்டர்” என்றேன். “மரத்துத் தூள் ஆகாது. பச்சைப் பழம் ஆகாது. டெஸ்ட் பண்ணியிருக்கு. வாழைப்பழம், தேன் போட்ட பஞ்சாமிர்தம், மூணு வாய்.”

உடனே தொடையில் ஊசி. மூக்கில் ஆக்சிஜன். திரையை இழுத்து மூடிவிட்டார்கள். விசில் சத்தம் மட்டும் வெளியே கேட்டது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நல்லதற்குக் குறைகிறதா கெட்டதற்குக் குறைகிறதா என்று தெரியாமல் நின்றேன்.

நர்ஸ் வந்து, “பரவாயில்லை, பேசறாங்க” என்ற பிறகுதான் ச.அ. பெஞ்சில் உட்கார்ந்தார். வலது கையை மடியில் மல்லாக்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலில் பிசுபிசுப்பு இன்னும் இருந்தது.

“என் கையால ஊட்ட வெச்சீங்களேண்ணே.”



4 பிப்., புதன்

பவி வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சி, இட்லி. குரல் கொஞ்சம் கரகரப்பு.

அலர்ஜி டாக்டரம்மாவிடம் திரும்பக் காட்டினோம். “வெல்லத்துல பிசைஞ்சா வெந்ததாகுமா சார்? அடுப்புல வெச்சாங்களா?” சீட்டில் ஏதோ எழுதினார். “பழத்தைவிட அந்தத் தேன் மேலதான் எனக்குச் சந்தேகம். காய்ச்சாத மலைத்தேன்ல மரத்துத் தூளே கிடக்கும். பங்காளி இல்ல சார், திருடனையே ஊட்டியிருக்கீங்க.”

என் உவமையை ஞாபகம் வைத்திருக்கிறார். சந்தோஷப்பட முடியவில்லை.

முரளி ஆஸ்பத்திரியில் கிளம்பும்போது பவியிடம் கேட்டது காதில் விழுந்தது. “என்கிட்டயும் காசின்னேதானே நம்ப விட்ட.” அவள், “மாமா தலையில சத்தியம் பண்ணியிருந்தேன்” என்றாள். “உன் உயிரை வெச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு போன் இல்லை. அவளும் மாடிக்குப் போவதில்லை.

நான் போன் செய்தேன். எடுத்தான். “கொஞ்ச நாள் டைம் குடுங்க அங்கிள்.” மரியாதையாகத்தான் பேசினான். திட்டியிருந்தால் தேவலை.

சரோஜா என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

6 பிப்., வெள்ளி

மேகமூட்டம். ச.அ. தனியாக ஆட்டோவில் சரோஜா வீட்டுக்கு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. பூ கூட இல்லை.

பவியின் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்ன ஆகாது, என்னென்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பவி சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். “வெந்தா தின்னலாமா? நெசமாவா?” என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உடம்புக்கு ஆவாதுன்னு சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்னு நினைச்சீங்க. போயிருக்கலாம். தெரியல. ஆனா இப்போ கேக்கறேன். இவ எங்க வீட்டுக்கு வந்தா, எங்க தெருவுல இருக்கற அத்தனை பொம்பளையும் பிரசாதம் பிரசாதம்னு வாயில ஊட்டுவா. பூசாரி சொன்னாருன்னு நானே சொல்லிட்டேன். நான் எத்தனை பேர் கையைப் புடிப்பேன்?”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“உங்க கதையை நான்தான் வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுத்தேன். நீங்க வந்து திரும்ப வாங்கிக்கணும். உங்க வாயால. அதுக்கு அப்புறம்தான் மத்த பேச்சு.”

“முரளி என்ன சொல்றாப்ல?” என்று கேட்டாள் சரோஜா.

“அவன் பேசறதில்ல. சோறு எடுத்துவெச்சா சாப்பிடறான். அவனுக்கும் சேத்துத்தான் கூப்பிடறேன்.”

வள்ளி காபி கொண்டுவந்தாள். ச.அ. குடித்தார். குடிக்காமல் போயிருந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். குடித்தார்.

8 பிப்., ஞாயிறு

நீலசந்திரா. வேனைத் தெரு முனையில் விட்டுவிட்டு நடந்தேன். சந்துக்குள் வண்டி போகாது. ச.அ. முன்னால், நான் பின்னால்.

முதல் வீட்டில் ஆரம்பித்தேன். “அம்மா, இது சாதாரண ஜனங்களுக்கு வர்ற சமாச்சாரம் இல்ல. ரொம்ப உசத்தியான ரத்தம் இருக்கறவங்களுக்கு…”

“அண்ணே” என்றார் ச.அ. அவ்வளவுதான்.

நிறுத்தினேன். உள்ளதைச் சொன்னேன். “பவி காசிக்குப் போனதில்ல. நான் சொன்னது பொய். அவளுக்குப் பச்சைப் பழமும் தேனும் ஆகாது. சாப்பிட்டா மூச்சு அடைக்கும். அன்னைக்கு வந்தது சாமி இல்ல. பிரசாதம்னாலும் குடுக்காதீங்க.”

சொல்லி முடிக்க இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் வாயில் இருந்து இத்தனை குட்டையாக எதுவும் வந்ததில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விதம். ஒருத்தி, “ஒட்டிக்கிற வியாதியா?” இல்லை என்று ச.அ. சொன்னார். ஒரு கிழவர், “காசி எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமாய்யா உனக்கு?” என்று கேட்டுவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். ஒரு வீட்டில் உள்ளே இருந்து, “கழுத்தளவு தண்ணின்னாரே, இவரு கழுத்தா அவ கழுத்தா?” என்று குரல். எல்லாரும் சிரித்தார்கள். கற்பூரம் ஏற்றிய அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “மூச்சுக்கு அல்லாடறவளுக்கு நான் கற்பூரம் காட்டினேனா” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ச.அ. அவளோடு கொஞ்ச நேரம் இருந்தார். நான் வாசலில் நின்றேன்.

கடைசி, கன்னியம்மா வீடு. இங்கே எனக்குக் கால் வரவில்லை. மகளுக்காக ஆரஞ்சை விட்டவர். காலில் விழுந்து கேட்டவர்.

சொன்னேன். முழுவதும் கேட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை.

“ஆய்த்து, சொல்லிட்டீங்கல்ல” என்றார்.

“ஆரஞ்சு… நீங்க இனிமே சாப்பிடலாம்மா. நான் சொன்ன பொய்யை நம்பி…”

“உன் பொய்க்கா விட்டேன்? என் பொண்ணுக்கு விட்டேன். அது அப்படியே கெடக்கட்டும்.” கீரைத் தண்டை ஒடித்தார். “அந்தப் பொண்ணு இப்ப நல்லா மூச்சு விடுதா?”

“விடறாம்மா.”

“அதைச் சொல்லு மொதல்ல. வந்ததுலேர்ந்து உன் கதையையே சொல்ற.”

திரும்பி நடக்கும்போது முரளி எங்களுக்கு எதிரே வந்தான். பால் பாக்கெட் கையில். ஒதுங்கி வழி விட்டான். “எல்லா வீடும் ஆச்சா அங்கிள்?” என்று மட்டும் கேட்டான். ஆச்சு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து வள்ளியிடம் நடந்ததைச் சொன்னேன். “ஒண்ணும் சேக்கலையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. சட்டையை வாங்கி ஊற வைத்தாள்.

10 பிப்., செவ்வாய்

மாரத்தஹள்ளி ஜாம். டயர் ஒன்று பஞ்சர். வேனில் ஒரு பையன், “அங்கிள், ஒரு கதை சொல்லுங்க, போரடிக்குது.” ரேடியோ போட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் சரோஜா வீட்டில் எட்டிப் பார்த்தேன். பவி இல்லை. “மாடியில போன் பேசறா” என்றாள் சரோஜா. என்னிடம் பேசிவிட்டாள். கூடவே ஒரு டம்ளர் மோர்.

12 பிப்., வியாழன்

காற்று. மாடியில் காய்ந்த வேட்டியில் எல்லாம் மஞ்சளாக ஏதோ தூள். பவி முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு ஆபீஸ் போய்வந்தாள்.

சாயங்காலம் சரோஜா வீட்டில் இருந்தபோது ச.அ. போன், எனக்கு. வைகாசியில் நாள் பார்க்கலாம் என்று முரளி அப்பா சொல்கிறாராம். சரோஜா உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒண்ணு மட்டும் யோசனையா இருக்குண்ணே. தாலி கட்டி எந்திரிச்சதும் பாலும் பழமும் குடுக்கணும். எங்க பக்கத்துல அது இல்லாம விடமாட்டாங்க. மண்டபத்துல நூறு பேர் பாத்துக்கிட்டு இருப்பாங்க. இன்னா சொல்றது?”

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. நல்ல பதில். ஆரம்பம், நடு, முடிவு, ஒரு கோயில், ஒரு பெரியவர், எல்லாம் இருந்தது. நூறு பேரும் கை தட்டுவார்கள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

போனைப் பவியிடம் நீட்டினேன். “நீயே சொல்லும்மா.”

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கிக் காதில் வைத்தாள்.

“அத்தை, பால் மட்டும் குடிக்கறேன். பழம் எனக்கு ஆகாதுன்னு சொல்லிடுங்க. தட்டுலயே வேணாம். குடுக்கறவங்க கை கழுவிட்டு வரட்டும்.”

அந்தப் பக்கம் ச.அ. அதை யாரிடமோ திருப்பிச் சொல்வது எனக்கும் கேட்டது. பால் மட்டும் குடிப்பா. பழம் அவளுக்கு ஆகாது. தட்டுலயே வேணாம். குடுக்கறவங்க கை கழுவிட்டு வரணும். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.